செல்போனுக்குள் ஒரு ‘டாக்டர் அண்ணாச்சி’: வதந்தியைத் தீர்ப்பாரா, வளர்ப்பாரா?

“கருப்பட்டி காப்பி எவ்வளவு குடிச்சாலும் சுகர் ஏறாதாம்லா! மாத்திரை விக்கணுமேன்னு டாக்டர்மாரு அதை மறைக்காங்களாம்!”

“அயோடின் உப்பெல்லாம் வெளிநாட்டுக்காரன் சதி. நம்ம உப்பளத்தை ஒழிக்கத்தான் அதைக் கொண்டு வந்தான்!”

உடன்குடி, திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது காதில் விழாமல் போகாது. மற்ற ஊர்க்காரர்களும் கேட்டிருப்பீர்கள். முன்பு டீக்கடை பெஞ்சு வழியாக வந்தது. பிறகு வாட்ஸ்அப் வழியாக வந்தது. இப்போது ஒரு புதுப் பழக்கம். “எதுக்கு வீண் வாதம்? ஏ.ஐ.கிட்டயே கேட்டுப் பார்த்துரலாமே!” என்று செல்போனை எடுத்துவிடுகிறோம்.

சாட் ஜிபிடி, ஜெமினி, மெட்டா ஏ.ஐ. என்று பல பெயர்களில் வந்துவிட்ட இந்த ‘டாக்டர் அண்ணாச்சி’ ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டாலும் பதில் சொல்கிறார். ஃபீஸ் கிடையாது. டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். எல்லாம் சரி. அவர் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா? உப்பை மாற்றலாமா? குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதைத் தள்ளிப் போடலாமா?

ஏ.ஐ. வதந்தியை வளர்க்கிறதா, வதந்தியைத் தீர்க்கிறதா என்று உலகம் முழுவதும் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள். இதுவரை கிடைத்திருக்கும் பதில், ‘இரண்டையும் செய்கிறது’ என்பதுதான். எப்போது நல்லது செய்கிறது, எப்போது கெடுதல் செய்கிறது என்று நம் கருப்பட்டியையும் உப்பையும் வைத்தே பார்ப்போம்.

இது என்ன மாயம்?

“அகல உழுவதைவிட...” என்று நான் ஆரம்பித்தால், “ஆழ உழு” என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். யோசிக்கக்கூட வேண்டியதில்லை. பலமுறை கேட்டுப் பழகிய வாக்கியம்.

ஏ.ஐ. மொழிக் கருவிகளின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான். கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குக் கொடுத்து, ‘இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும்?’ என்று பழக்குகிறார்கள். அந்தப் பக்கங்களில் மருத்துவப் புத்தகமும் இருக்கும். ஊர் வதந்தியும் இருக்கும். படித்ததையெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்து, வேண்டும்போது எடுத்துக் காட்டுகிற நூலகர் அல்ல இது. பொருத்தமாக வரக்கூடிய சொற்களைக் கோத்துக் கோத்துப் பதிலை அப்போதைக்கப்போது உண்டாக்குகிறது. இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் வசதியும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஆனால் தேடிக் கிடைத்த பக்கமே தப்பு என்றால் பதிலும் தப்புதான்.

ஆகவே உண்மையைச் சொல்லும்போதும், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும்போதும் அதன் குரல் ஒரே மாதிரி இருக்கும். தடுமாற்றம் இருக்காது. மனிதர்கள் பொய் சொன்னால் கண்ணாவது காட்டிக் கொடுக்கும். இதற்குத்தான் கண்ணே கிடையாதே!

இன்னொரு சங்கதியும் உண்டு. எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு இதைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால், கேட்பவர் மனம் கோணாமல் ‘ஆமாம் சாமி’ போடும் குணம் அதற்கு ஒட்டிக் கொள்கிறது. 2025 ஏப்ரலில் சாட் ஜிபிடியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அது அளவுக்கு மீறி முகஸ்துதி பாட ஆரம்பித்துவிட்டது என்று ஏகப்பட்ட புகார்கள். சில நாட்களிலேயே ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

முகஸ்துதி பாடும் நண்பர் பரவாயில்லை. முகஸ்துதி பாடும் டாக்டர்? அங்கேதான் ஆபத்து.

கருப்பட்டியை எப்படிக் கேட்பது?

உடன்குடியில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். தாத்தாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. பேரன் செல்போனை எடுக்கிறான். அவன் கேட்பது இப்படி:

“கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்பதற்கு என்னென்ன காரணங்கள்? பட்டியல் போடு.”

இது கேள்வி அல்ல; தீர்ப்பை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் காரணம் கேட்பது. ஏ.ஐ. சில சமயம், “அப்படியில்லை” என்று திருத்திவிடும். சில சமயம் இரும்புச் சத்து, பொட்டாசியம், ‘இயற்கை இனிப்பு’ என்று வரிசையாக அடுக்கிவிடும். ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். மொத்தமாகப் படித்தால் தப்பான அர்த்தம் வரும். தாத்தா கருப்பட்டி காப்பியில் இன்னொரு டம்ளர் கேட்பார்.

அதையே இப்படிக் கேட்டால்?

“70 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறார். கருப்பட்டி சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை என்ன ஆகும்? சாப்பிடக் கூடாது என்பவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்?”

இப்போது சரியான பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஆள் மாறவில்லை, கருவி மாறவில்லை. கேட்ட விதம்தான் மாறியிருக்கிறது.

சரி, உண்மை என்ன? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதனீரைக் காய்ச்சி எடுப்பதுதான் கருப்பட்டி. பதனீரின் இனிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்புச் சர்க்கரையில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். ஆலைச் சர்க்கரையைப் போலச் சுத்திகரிக்காததால் கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச் சத்துக்கள் தங்குகின்றன. ருசியும் மணமும் தனி. ஆனால் குடலுக்குள் போனதும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் மாறத்தான் செய்யும். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இதில் ஒரு வேடிக்கை. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் ‘ஜி.ஐ.’ கிடைத்தது. அது புவிசார் குறியீடு. இந்த ஊர்ச் சரக்கு என்பதற்கான முத்திரை. உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்கும் ‘கிளைசமிக் இண்டெக்ஸ்’ என்பதற்கும் சுருக்கப் பெயர் ‘ஜி.ஐ.’தான்! இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளாதீர்கள். 2023-ல் கிடைத்தது ஊருக்குக் கிடைத்த பெருமை. சர்க்கரை நோயாளிக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு அல்ல.

போதாக்குறைக்கு, வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சும் போலிக் கருப்பட்டியும் சந்தைக்கு வருகிறது. நாம் வாங்கி வந்த கட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று எந்த ஏ.ஐ.க்கும் தெரியாது.

இது சின்ன விஷயம் அல்ல. சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. நாடு முழுவதற்குமான சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பெரியவர்களில் ஒருவர்! ‘இயற்கை இனிப்பு’ என்ற ஒரு வார்த்தையை நம்பி மாத்திரையை நிறுத்தினால் கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். இன்சுலினையே நம்பியிருக்கும் குழந்தைகள் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

உப்பை மாற்றியவர் கதை

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு நோயாளியைப் பற்றி 2025 ஆகஸ்டில் மருத்துவ இதழில் எழுதினார்கள். உப்பு விளையும் சீமைக்காரர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய சம்பவம்.

60 வயது மனிதர். மனநோய் எதுவும் முன்பு இருந்ததில்லை. “பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விஷம் வைக்கிறார்!” என்று ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். கடுமையான தாகம். ஆனால் கொடுத்த தண்ணீரைக் குடிக்கப் பயம். இல்லாத உருவங்கள் தெரிந்தன. இல்லாத குரல்கள் கேட்டன.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. உப்பு கெடுதல் என்று எங்கோ படித்திருக்கிறார். சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. அந்தக் குளோரைடை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று சாட் ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். குளோரைடுக்குப் பதில் புரோமைடைப் பயன்படுத்தலாம் என்று அதில் படித்ததாக அவர் சொன்னார். இன்டர்நெட்டில் சோடியம் புரோமைடு வாங்கி, உப்புக்குப் பதிலாக மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறார்! ரத்தத்தில் புரோமைடு ஏறி, மூளையைப் பாதித்து, அந்தச் சந்தேகங்களையெல்லாம் கிளப்பிவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து குணமானார்.

அவருடைய பழைய உரையாடல் டாக்டர்களின் பார்வைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தாங்களே ஒரு பழைய பதிப்பிடம் கேட்டுப் பார்த்தார்கள். அதுவும் புரோமைடு பெயரைச் சொன்னது. உடம்புக்கு ஆகாது என்று தெளிவாக எச்சரிக்கவில்லை. “எதற்காகக் கேட்கிறீர்கள்?” என்றும் கேட்கவில்லை. எந்த டாக்டராக இருந்தாலும் முதலில் கேட்டிருக்கக் கூடிய கேள்வி அது!

கவனியுங்கள். இந்த மனிதரிடம் யாரும் பொய் சொல்லி ஏமாற்றவில்லை. சில ரசாயன வேலைகளில் குளோரைடுக்குப் பதில் புரோமைடைப் பயன்படுத்துவது உண்மைதான். சோற்றுக்குள் அது வரக் கூடாது, அவ்வளவுதான். இடம் மாறிய உண்மையும் விஷம்தான்.

அயோடின் உப்பு: சதியா, சத்தா?

இப்போது நம்ம ஊர் உப்புக்கு வருவோம். “அயோடின் உப்பு சதி” என்ற பேச்சு ஏன் இத்தனை வருஷமாக ஓய மாட்டேன் என்கிறது? அதற்குள் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான்.

நேரடியாகச் சாப்பிடும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்கக் கூடாது என்ற தடை 2006 மே மாதம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. சிறிய உப்பளக்காரர்களுக்குக் கஷ்டம் வந்தது உண்மை. அந்த விதி, அப்போதிருந்த கலப்படத் தடைச் சட்டத்தின் வரம்பைத் தாண்டியது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை.

ஆனால் மீதிக் கதையை வதந்தி சொல்லாது. அயோடின் உடம்புக்குக் கெடுதல் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடையை உடனே எடுக்காமல் ஆறு மாதம் அவகாசமும் கொடுத்தது. பிறகு புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டுப்பாடு தொடர்ந்தது.

உடம்புக் கணக்கு வேறு. கழுத்தில் தைராய்டு சுரப்பி வேலை செய்வதற்கு அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. கர்ப்ப காலத்தில் கடுமையான குறைபாடு இருந்தால் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். பிறந்த பிறகு அதை ஈடுகட்ட முடியாது. டாக்டர் வி.ராமலிங்கசாமியும் அவரது குழுவினரும் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் ஆரம்பித்து அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்கழுத்துக் கழலை அங்கே வெகுவாகக் குறைந்தது. இந்தியாவின் அயோடின் உப்புத் திட்டத்துக்கு அடித்தளம் அதுதான். வெளிநாட்டுக் கம்பெனி அல்ல. நம் நாட்டு டாக்டர்களின் உழைப்பு.

“கடல் தண்ணியில விளையுத உப்புதானே, அதுலயே அயோடின் இருக்காதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மீனிலும் கடல் பாசியிலும் அயோடின் உண்டு. ஆனால் பாத்தியில் விளைந்து கைக்கு வரும் உப்பில் மிகமிகச் சொற்பம்தான் இருக்கும். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அதிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். தைராய்டு கோளாறுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

இப்போது யோசித்துப் பாருங்கள். “அயோடின் உப்பு சதியை அம்பலப்படுத்து” என்று கேட்டால், 2006, 2011, உச்ச நீதிமன்றம் என்று உண்மையான தேதிகளை வைத்தே ஏ.ஐ. ஒரு கதையைத் தைத்துக் கொடுக்க முடியும். “இதில் தொழில் சம்பந்தப்பட்ட குறை எது, உடம்பு சம்பந்தப்பட்ட உண்மை எது? பிரித்துச் சொல்” என்று கேட்டால், அதே தேதிகளை வைத்து முழுக் கதையையும் சொல்ல முடியும்.

முன்பெல்லாம் வதந்தி ரெடிமேட் சட்டை மாதிரி. எல்லோருக்கும் ஒரே அளவு. சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. ஏ.ஐ. டெய்லர் மாதிரி. உங்கள் பயம் என்ன, சந்தேகம் என்ன என்று அளவெடுத்துத் தைத்துத் தருகிறது. வதந்தியையும் அப்படித் தைக்கலாம்; அதற்கான மறுப்பையும் அப்படித் தைக்கலாம்.

வதந்திக்கு மருந்தாகவும்...

மறுப்பை அளவெடுத்துத் தைத்தால் பலன் உண்டா? உண்டு என்கிறது ஓர் ஆய்வு. ‘சயின்ஸ்’ பத்திரிகையில் 2024 செப்டம்பரில் வெளிவந்தது. தாமஸ் காஸ்டெல்லோ, கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் செய்தார்கள். ஏதாவது ஒரு சதிக் கதையை நம்பும் அமெரிக்கர்கள் உள்பட 2,190 பேர் கலந்து கொண்டார்கள். ‘நீங்கள் நம்புவது என்ன? ஏன் நம்புகிறீர்கள்?’ என்று அவரவர் வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். பிறகு, அந்தக் காரணங்களுக்குச் சான்றுடன் பதில் சொல்லும்படி ஏ.ஐ.க்குக் கட்டளை கொடுத்து, இருவரையும் மூன்று சுற்றுப் பேச விட்டார்கள்.

அவர்களுடைய நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது. ‘இவர்களை யார் சொன்னாலும் திருத்த முடியாது’ என்று நாம் கைகழுவி விட்டவர்கள்கூட, தங்கள் சந்தேகத்துக்கு நேரான பதில் கிடைத்தால் யோசிக்கிறார்கள் என்று ஆயிற்று.

இதில் குடும்பஸ்தர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வதந்தியைப் போட்டால் நாம் என்ன செய்கிறோம்? “படிச்சவங்கதானே நீங்க, இதைப் போயா நம்புறீங்க?” என்கிறோம். அவர் முகம் சுருங்கிவிடும். வதந்தி போகாது, உறவுதான் போகும். ஏ.ஐ. கோபப்படவில்லை, கேலி செய்யவில்லை. அவர் சொன்ன காரணத்தையே எடுத்துக் கொண்டு பதில் சொன்னது. இதை நாமும் செய்யலாமே!

நம்மூர் உதாரணம் பாருங்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. வாட்ஸ்அப் வதந்தியால் பல பெற்றோர் தயங்கினார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக் கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிதான் காரணம் என்று காட்டுத்தீ மாதிரி பரவியது. தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, ‘மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை’ என்று அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம்! சாட் ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்தான். ஆகவே வதந்தியைக் கண்டுபிடித்தது ஏ.ஐ. அல்ல. ‘இரண்டு நாளில் இறந்தாரே, ஏன்?’ என்று பயந்த ஒருவருக்கு அன்று யாராவது பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் தைரியமாக ஊசி போட்டிருப்பார்கள்.

...வதந்திக்கு உரமாகவும்!

அந்த ஆய்வில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ‘உண்மையைச் சொல்லிப் புரிய வை’ என்று ஏ.ஐ.க்குக் கட்டளை கொடுத்திருந்தார்கள். வேறு மாதிரி கட்டளை கொடுத்தால்?

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2025-ல் வெளியான ஆய்வு இது. பிரபலமான ஐந்து ஏ.ஐ. கருவிகளுக்கு, மருத்துவக் கேள்விகளுக்குத் தப்பான பதில்களை நம்பும்படியாகச் சொல்லுமாறு உள்ளுக்குள் ரகசியக் கட்டளை எழுதினார்கள். 100 கேள்விகளில் 88-க்குத் தவறான பதில் வந்தது. ஐந்தில் நான்கு கருவிகள் எல்லாக் கேள்விக்குமே தப்பாகச் சொல்லின! ஒன்று மட்டும் பாதிக்கு மேல் மறுத்துவிட்டது. நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது இப்படி நடக்கும் என்று அர்த்தமல்ல. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், ‘இலவச மூலிகை ஏ.ஐ. டாக்டர்’ என்று ஒரு லிங்க் அனுப்பினால், அதற்குள் யார் என்ன கட்டளை எழுதியிருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

அதே ஆண்டு டிசம்பரில் ‘சயின்ஸ்’ பத்திரிகையில் இன்னோர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் சுமார் 77 ஆயிரம் பேரிடம் அரசியல் விஷயங்களில் ஏ.ஐ.யைப் பேச விட்டார்கள். தகவல்களை நிறைய அடுக்கிப் பேசியபோதுதான் மக்கள் அதிகமாக மனம் மாறினார்கள். ஆனால் மனம் மாற்றும் சக்தி கூடக் கூட, சொன்ன தகவல்களின் துல்லியம் குறையும் போக்கும் தெரிந்தது. பதில் நீளமாக, புள்ளிவிவரமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

தமிழில் கேட்டால்?

இந்தக் கருவிகள் படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ்ப் பக்கங்கள் குறைவு; அவற்றிலும் நல்ல மருத்துவ எழுத்து இன்னும் குறைவு. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் மருத்துவக் கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், ஆங்கிலத்தை விட மற்ற மொழிப் பதில்களின் தரம் குறைவாகவே இருந்தது. இந்திக்கே அப்படி என்றால் தமிழில் இன்னும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அதே கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்கச் சொல்லுங்கள். பதில்கள் ஒத்துப் போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்க...

1. ‘ஏன் நல்லது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லதா, கெட்டதா? யாருக்கு ஆகாது?’ என்று கேளுங்கள்.

2. வயது, ஏற்கெனவே உள்ள நோய், சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைச் சொல்லிக் கேளுங்கள். பெயர், ஆதார் எண், போன் நம்பர் எதையும் கொடுக்க வேண்டாம்.

3. பதில் வந்ததும், ‘இதற்கு எதிரான சான்று என்ன?’ என்று இன்னொரு கேள்வி போடுங்கள். சுருதி மாறுகிறதா என்று பாருங்கள்.

4. ‘எந்த ஆய்வு? எந்த நிறுவனம்?’ என்று கேளுங்கள். சொன்ன பெயரை வெளியே தேடிச் சரிபாருங்கள். இல்லாத ஆய்வுகளுக்கும் அது பெயர் சூட்டிவிடும்.

5. ‘டாக்டர்கள் மறைக்கிறார்கள்’, ‘ஒரே வாரத்தில் குணம்’, ‘உடனே பத்துப் பேருக்கு அனுப்பு’. இந்த மூன்றில் எது வந்தாலும் உஷார்.

6. ஏ.ஐ. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். உங்கள் கேள்விக்கு வந்த பதில் அது. அடுத்த வீட்டு நோயாளிக்குப் பொருந்தாது.

7. மாத்திரையை நிறுத்துவது, அளவை மாற்றுவது, இன்சுலினைத் தவிர்ப்பது, குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்பது. இந்த நான்கு முடிவுகளையும் எந்த ஏ.ஐ. சொன்னாலும் எடுக்கக் கூடாது.

8. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறல் இருந்தால் செல்போனில் கேள்வி டைப் செய்து கொண்டிருக்காதீர்கள். உடனே 108.

அப்படியானால் ஏ.ஐ.யே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரவில்லை. லேப் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை புரியவில்லையா? கேளுங்கள். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போட வேண்டுமா? அதற்கு அருமையான உதவியாளர். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலில் சந்தேகமா? மேலே சொன்ன மாதிரி கேட்டுப் பாருங்கள். நல்ல பதில் வந்தாலும் அதைக் கடைசித் தீர்ப்பாக வைத்துக் கொள்ளாமல், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார நர்ஸிடமோ, உங்கள் குடும்ப டாக்டரிடமோ காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள். “இதெல்லாம் கேட்டால் திட்டுவாரோ” என்று தயங்க வேண்டாம். நோயாளி மனதில் என்ன சந்தேகம் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கும் வைத்தியம் பார்க்க வசதி.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி செல்போனை நீட்டினால் எரிச்சல்படாமல் ஒரு நிமிஷம் பாருங்கள். அவர் கேட்க வந்ததற்கு நேரான பதில் உங்களிடம் கிடைத்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வேறு இடத்தில் போய்க் கேட்க மாட்டார்.

கருப்பட்டி விஷயமா? சர்க்கரை இல்லாதவர்கள் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி, அளவோடு ருசியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதைச் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்துக் கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பரிசோதனை செய்து பாருங்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அந்த ரிப்போர்ட் முகஸ்துதி இல்லாமல் சொல்லிவிடும்!